அறுவைக்கு முன் அறிதல்

மாந்தர்க்கு வரும் நோய்களுள், பெயரைக் கேட்ட அளவிலே உள்ளத்தை நடுங்கச் செய்வன சில உள. அவற்றுள் ஒன்று மார்பகப் புற்றுநோய். உலகெங்கணும் பெண்டிரைப் பற்றும் புற்றுநோய்களுள் இதுவே மிகுதியாகக் காணப்படுவது. இந்நோய் கண்ட ஒருத்தி மருத்துவரை நோக்கி முதற்கண் வினவுவது, 'இது பரவிவிட்டதா?' என்பதே. இவ்வொரு வினாவிற்கு விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுகட்கு மேலாக முயன்று வந்த வரலாற்றையும், இன்று அவ்விடை எவ்வாறு பெறப்படுகின்றது என்பதையும் இக்கட்டுரைக்கண் சுருக்கமாக ஆராயப் புகுகின்றோம். தமிழ் பயிலும் மாணாக்கராகிய யாம் மருத்துவப் பொருளை எடுத்துக்கொண்டது எற்றுக்கு என்று நண்பர் சிலர் நகைக்கவுங் கூடும். எம் தாயரும் தமக்கையரும் தம் உடம்பைப் பற்றிய செய்தியைத் தாம் அறிந்த மொழியிலே கேட்டுணர்தல் வேண்டும் என்பதே எம் விடை.

முதலில் பொருளின் இயல்பை உணர்வாம். நம் உடம்பினுள் குருதி ஓடும் குழாய்களேயன்றி, தெளிந்த நீர் ஒன்று ஊர்ந்து செல்லும் நுண்ணிய குழாய்களும் உள. அந்நீரை நிணநீர் என்பர். உறுப்புக்களின் இடையே கசிந்து நிற்கும் நீரைத் திரட்டி மீண்டும் குருதியிற் சேர்ப்பது அக்குழாய்களின் தொழில். அந்நீர் செல்லும் வழியில் ஆங்காங்கே அவரை விதை போன்ற வடிவினையுடைய சிறு கணுக்கள் அமைந்துள்ளன. நோய்க்கிருமி முதலிய பகைப்பொருள்களைத் தடுத்து எதிர்க்கும் காவலிடங்கள் அவை. மார்பகத்தின் நிணநீரிற் பெரும்பகுதி அப்பக்கத்து அக்குளிலுள்ள கணுக்களையே சென்று அடைகின்றது. ஆதலின், புற்றணுக்கள் மார்பகத்தை விட்டுப் புறப்படுமாயின் அவை முதலில் தங்கும் இடங்களுள் அக்குள் தலையாயதாம். 'பரவிவிட்டதா?' என்னும் வினா, மருத்துவரிடத்தே, 'அக்குட் கணுக்களில் புற்று உளதா?' என்னும் வினாவாகவே முதலில் எழுகின்றது.

பண்டை மருத்துவர் இவ்வினாவிற்குக் கத்தியையே விடையாகக் கொண்டனர். அமெரிக்க நாட்டுப் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் விளங்கிய வில்லியம் ஹால்ஸ்டெட் என்பார், 1894-ஆம் ஆண்டில், தாம் செய்த 50 அறுவைகளைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார். புற்றுநோய் ஓரிடத்தே தோன்றி, நிணநீர் வழியே படிப்படியாக வெளிநோக்கிப் பரவும் என்பது அவர் கொள்கை. அக்கொள்கை மெய்யாயின், அக்குட்கணு நோய் கடந்து செல்லும் வாயில் ஆகும். வாயிலை முற்றும் அகற்றினால் நோயும் நீங்கும். ஆகவே அவர் மார்பகத்தையும், அதன் கீழுள்ள மார்புத்தசைகளையும், அக்குளிலுள்ள கணுக்களையும் ஒருங்கே அகற்றினார். அக்காலத்தில் வேறு புகல் இன்றி வாடிய பெண்டிர்க்கு அது பெருநன்மையே செய்தது. எனினும் பிழைத்தவர் பலர் வீங்கிய கையோடும், உயர்த்த இயலாத தோளோடும் எஞ்சிய நாட்களைக் கழிக்க நேர்ந்தது. கணுக்களை முற்றும் நீக்கிய இடத்தே நிணநீர் செல்ல வழியின்றிக் கையிலே தேங்குதலே அவ்வீக்கத்திற்குக் காரணம்.

இஃது இவ்வாறாக, 1895-ஆம் ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலே ராண்ட்கன் என்னும் அறிஞர் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். கண் காணாததைக் காட்டும் அக்கதிரைக் கொண்டு புற்றின் பரவுதலையும் காணலாகுமோ என்று முதலில் முயன்றவர் பெர்லின் நகரத்து அறுவை மருத்துவர் ஆல்பர்ட் சாலமோன் என்பார். அவர் பல்கலைக்கழக மருத்துவமனையில் வெட்டி எடுக்கப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களைத் திரட்டி ஆராய்ந்தார். எக்ஸ் கதிர்ப்படத்தில் தோன்றும் நிழலையும், அறுத்துக் கண்ட கட்டியையும், அக்கட்டி அக்குளை நோக்கிப் பரவியுள்ள நிலையையும் ஒன்றோடொன்று ஒப்பு நோக்கி 1913-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். புற்றுக்கட்டியின் எல்லை எவ்வாறு தோன்றும், அதனுள் சுண்ணப் பொடி போன்ற நுண்துகள் எவ்வாறு தோன்றும் என்பன அவர் ஆராய்ச்சியால் வெளிப்பட்டன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. சாலமோன் ஆராய்ந்த மார்பகங்கள் யாவும் உடம்பினின்றும் முன்னரே பிரிக்கப்பட்டவை. படத்தினால் விளைந்த அறிவு, அதைத் தந்த பெண்டிர்க்குப் பயன்படவில்லை. கத்தி முந்திவிட்டது, படம் பிந்திவிட்டது. அவ்வரிசையை மாற்றுவதே பின்வந்தோர் முயற்சி ஆயிற்று. சாலமோனோ அம்முயற்சியைத் தாமே தொடர்ந்து நடத்தும் பேறு பெற்றிலர். அவர் யூதர் ஆதலின், 1933-ஆம் ஆண்டில் நாத்ஸிகள் ஆட்சிக்கு வந்ததும் பல்கலைக்கழகப் பதவியை இழந்தார். 1938-இல் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். 1939-இல் நெதர்லாந்து நாட்டிற்குத் தப்பிச் சென்றார். ஓவியப் புலமை மிக்க அவர் மகள் சார்லட், 1943-ஆம் ஆண்டில் ஆஷ்விட்ஸ் முகாமிற் கொல்லப்பட்டாள். எத்துணையோ தாயரின் உயிரைக் காக்க வழி கண்டவர், தம் ஒரே மகளைக் காக்க இயலாது போயினர். மார்பகப் படத்தைப் பற்றிப் பேசுவோர் அவர் பெயரை மறத்தல் தகாது.

உயிருள்ள பெண்டிரின் மார்பகத்தை அறுவைக்கு முன்னரே படம் எடுத்து ஆராய்ந்த அறிக்கையை அமெரிக்க நாட்டு ராச்செஸ்டர் நகரத்து ஸ்டாஃபர்டு வாரன் 1930-இல் வெளியிட்டார். தென்னமெரிக்க உருகுவே நாட்டு ராவுல் லெபோர்ன், மார்பகத்தை மெல்ல அழுத்திப் படம் எடுத்தால் தெளிவு மிகும் என்று காட்டினார். ஹூஸ்டன் நகரத்து ராபர்ட் ஈகன் 1960-இல் எங்கும் ஒரே வகையாக எடுத்தற்குரிய முறையை வகுத்தார். ஆயினும் இப்படங்கள் மார்பகத்திலுள்ள கட்டியையே நன்கு காட்டின. அக்குளைப் பற்றிய செய்திக்கு மருத்துவர் தம் விரல்களையே நம்பி இருந்தனர். தடவிப் பார்த்துக் கட்டி தென்படின் பரவியது என்றும், தென்படாதாயின் பரவவில்லை என்றும் கருதினர். 1970-ஆம் ஆண்டுகள் வரையிலும் பெண்கள் பலர், கட்டி புற்றா அன்றா என்பதையே அறியாதவராய் மயக்க மருந்து பெற்றுத் துயின்றனர். அவர் துயிலும்போதே கட்டி ஆராயப்பட்டது. புற்றெனின் அப்பொழுதே மார்பகமும் அகற்றப்பட்டது. கண் விழித்த பின்னரே தன் மார்பை இழந்த செய்தியை ஒருத்தி அறிந்தாள். முன்னறிவு இன்மையால் விளைந்த துயருக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

விரலை நம்புதல் எத்துணைப் பிழையுடைத்து என்பதை 1971-இல் தொடங்கிய ஓர் ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று. அதனை நடத்தியவர் பிட்ஸ்பர்க் நகரத்து பெர்னார்டு ஃபிஷர். அக்குளில் விரலுக்கு ஒன்றும் தென்படாத பெண்டிரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு ஹால்ஸ்டெட் முறைப்படி யாவும் அகற்றப்பட்டன. மற்றொரு பிரிவினர்க்கு மார்பகம் மட்டும் அகற்றப்பட்டு அக்குளுக்குக் கதிர் மருத்துவம் அளிக்கப்பட்டது. மூன்றாம் பிரிவினரின் அக்குள் தொடப்படாமலே விடப்பட்டு, பின்னர்க் கட்டி தோன்றினால் மட்டும் அகற்றப்பட்டது. முதற் பிரிவினரிடம் அகற்றிய கணுக்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேரிடம் புற்று இருந்தது. விரல் 'இல்லை' என்ற இடத்திலேயே இத்துணைப் பேருக்கு நோய் உளதாயிற்று.

ஆயின், வியப்பு இனித்தான் வருகின்றது. மூன்றாம் பிரிவிலும் அதே அளவினர்க்குக் கணுவிற் புற்று இருந்திருத்தல் வேண்டும் அன்றோ? அதனை அகற்றாது விட்டமையால் அவர் விரைந்து மாய்ந்தனரோ? இல்லை. 25 ஆண்டுகள் கழித்து 2002-இல் வெளியான முடிவின்படி மூன்று பிரிவினரின் வாழ்நாளிலும் கருதத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதனால் ஹால்ஸ்டெட்டின் அடிப்படைக் கொள்கையே தளர்ந்தது. கணு நோய் கடந்து செல்லும் ஒரே வாயிலாயின் அதனை விட்டவர் கெட்டிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழாமையின், கணுவை நோயின் இயல்பைக் கூறும் சான்றாகக் கொள்ளுதலே பொருந்துவது என்று அறிஞர் துணிந்தனர். சான்றாளனை வினவுதல் வேறு, ஒழித்தல் வேறு. வினவுதல் மட்டுமே நோக்கமாயின், மெல்ல வினவும் வழியைத் தேடுதலே அறமாம். இன்றைய படக்கருவிகள் இவ்விடத்தே வந்து துணைபுரிகின்றன.

அவற்றின் செயலை முறையே காண்போம். முதலாவது, மாமோகிராம் எனப்படும் எக்ஸ் கதிர்ப்படம். கட்டியின் அளவு, வடிவு, சுண்ணத் துகள் ஆகியவற்றை இது நன்கு காட்டும். அக்குளின் கீழ்ப்பகுதி மட்டுமே இதில் அகப்படும். இரண்டாவது, அல்ட்ரா சவுண்டு ஸ்கேன். நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. அவ்வொலியை உடம்பினுள் செலுத்தி, அது எதிரொலித்து மீள்வதைக் கொண்டு படம் வரைவது இக்கருவி. இதில் கதிரின் தீங்கு சிறிதும் இல்லை. மூன்றாவது, எம். ஆர். ஐ. எனப்படும் காந்தப்படம். காடோலினியம் கலந்த மருந்தைக் குருதியிற் செலுத்தி எடுக்கப்படும் இப்படத்தில் இரு மார்பகங்களும் இரு அக்குள்களின் பெரும்பகுதியும் ஒருங்கே தோன்றும்.

இம்மூன்றனுள் அக்குட்கணுவை ஆராய்தற்கு முதலிற் கொள்ளப்படுவது அல்ட்ரா சவுண்டே. நோயற்ற கணு அவரை விதைபோல் நீண்டு, மெல்லிய கருநிறப் புறணியும், நடுவே கொழுப்பினால் ஆகிய வெண்மையான உட்பகுதியும் உடையதாய்த் தோன்றும். மார்பகத்திலிருந்து வரும் நிணநீர் கணுவின் புறத்தோட்டைத் துளைத்தே உள்ளே நுழைகின்றது. ஆகவே அந்நீரோடு வரும் புற்றணு முதலில் புறணியிலே தங்கி வளரும். அதனால் புறணி ஒருபால் தடிக்கும். 3 மில்லிமீட்டருக்கு மேல் தடித்தால் மருத்துவர் ஐயுறுவர். நோய் மிகமிக நடுவிலுள்ள வெண்பகுதி நெருக்குண்டு மறையும்; நீண்ட கணு உருண்டையாகும். இக்குறிகளைக் கண்டதும், அல்ட்ரா சவுண்டு காட்டும் வழியே ஊசியைச் செலுத்திக் கணுவின் சிறு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வர். படம் ஐயத்தை எழுப்பும்; ஊசி அதனைத் தெளிவிக்கும். இவ்விரண்டும் அறுவைக்கு முன்னரே நிகழ்வன. மயக்க மருந்தும் வேண்டுவதில்லை, இடத்தை மரக்கச் செய்யும் மருந்தே போதும்.

இனி, இப்படங்களின் குறைகளையும் மறையாது கூறுதல் வேண்டும். கணுவினுள் 2 மில்லிமீட்டருக்கு உட்பட்ட சிறு புற்றுத்திரள் புறணியைத் தடிக்கச் செய்யாது. ஆதலின் அது பெரும்பாலும் படத்திற்குப் புலனாகாது. 'படம் தூயது' என்பதற்குப் 'பரவுதல் இல்லை' என்று பொருள் கொள்ளலாகாது. 'காணத்தக்க அளவு பரவவில்லை' என்பதே அதன் பொருள். மறுதலையாக, புற்று இல்லாமலும் கணு தடிக்கக்கூடும். கையிற் புண்ணோ வேறு நோய்த்தொற்றோ இருப்பினும் அது நிகழும். 2021-ஆம் ஆண்டில் கொரோனா தடுப்பூசி இட்டுக்கொண்ட பெண்டிர் பலருக்கு, ஊசி இட்ட பக்கத்து அக்குட்கணுக்கள் வீங்கித் தோன்றவே, படம் பார்த்த மருத்துவர் மயங்க நேர்ந்ததை உலகம் அறியும். ஆகவே படத்தை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது.

அண்மைக் காலத்தே கணினியும் இத்துறையிற் புகுந்துள்ளது. கட்டியின் ஓரம், உட்புற அமைப்பு, அதனைச் சூழ்ந்த வீக்கம் ஆகியவற்றில் மனிதக் கண்ணுக்குப் புலனாகா வேறுபாடுகளை எண்களாக மாற்றி, கணுவிற் புற்று இருத்தற்குரிய வாய்ப்பு இவ்வளவு என்று கணினி கணக்கிடுகின்றது. சாலமோன் 3,000 மார்பகங்களைக் கண்ணால் ஒப்பு நோக்கிச் செய்ய முயன்றதையே கணினி விரைந்து செய்ய முயல்கின்றது எனலாம். ஆயினும் ஒரு மருத்துவமனையின் படங்களைக் கண்டு பயின்ற கணினி, வேறு கருவியால் எடுத்த மற்றொரு மருத்துவமனையின் படங்களிற் பிழைபடுதல் உண்டு. அது கூறுவது வாய்ப்பேயன்றி உறுதி அன்று. ஊசியின் இடத்தை அது இன்னும் பெற்றிலது.

அறுவை முறையும் இதற்கிடையே மென்மையாயிற்று. மார்பகத்தின் நிணநீர் முதலிற் சென்றடையும் ஒன்றிரண்டு கணுக்களை மட்டும் கதிர்வீசும் மருந்தினாலோ நீலச் சாயத்தினாலோ கண்டறிந்து எடுத்து ஆராயும் முறையை டேவிட் கிராக் 1993-இலும், அர்மாண்டோ ஜூலியானோ 1994-இலும் வெளியிட்டனர். இதனைக் காவற்கணு முறை என்னலாம். காவற்கணுவிற் புற்று இல்லையெனின் ஏனைய கணுக்களை விட்டுவிடுதலால் தீங்கில்லை என்பது, 5,611 பெண்டிரைக் கொண்டு நடத்தப்பட்டு 2010-இல் முடிவு வெளியான ஓர் ஆராய்ச்சியால் நிறுவப்பட்டது.

அதன் பின்னர் எழுந்தது இன்னும் துணிவான ஒரு வினா. படமே தூயதெனக் காட்டுமாயின், அக்காவற்கணுவையுந்தான் எடுத்தல் எற்றுக்கு? இத்தாலியின் மிலான் நகரத்து மருத்துவர் முன்னின்று, 2 சென்டிமீட்டருக்கு மேற்படாத கட்டியும், அல்ட்ரா சவுண்டில் தூயதெனத் தோன்றிய அக்குளும் உடைய பெண்டிரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குக் காவற்கணு எடுக்கப்பட்டது. மற்றவரின் அக்குள் தொடப்படவில்லை. ஆராயப்பட்டவர் 1,405 பேர். 2023-இல் வெளியான முடிவு இது: கணு எடுத்தவருள் நூற்றுக்கு 13.7 பேரிடம், படம் தூயதெனக் காட்டியிருந்தும், புற்று இருந்தது. எனினும் 5 ஆண்டுகளின் பின்னர், தொலைவிலுள்ள உறுப்புக்களில் நோய் தோன்றாது வாழ்ந்தோர், கணு எடுத்த பிரிவில் நூற்றுக்கு 97.7 பேர், எடாத பிரிவில் 98.0 பேர். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான பிறிதோர் ஆராய்ச்சியும் இதனையே வலியுறுத்திற்று. அதன்கண் கணு எடுத்தவருள் நூற்றுக்கு 5.7 பேர்க்கும், எடாதவருள் 1.8 பேர்க்கும் கைவீக்கம் காணப்பட்டது.

இம்முடிவை அளவு கடந்து விரித்தல் கூடாது. அப்பெண்டிர் பெரும்பாலும் சிறு கட்டி உடையவர். மார்பகத்திற்குக் கதிர் மருத்துவமும், நோய்க்கேற்ற மருந்தும் பெற்றவர். பெருங்கட்டி உடையார்க்கும், விரலுக்கே கணு தென்படுவார்க்கும் இவ்விதி பொருந்தாது. அன்னார்க்குப் படம் வேறு வகையில் உதவுகின்றது. கணுவிற் புற்று உண்டென ஊசி உறுதி செய்தால், அறுவையைப் பின்வைத்து மருந்தை முன்வைத்தல் பலர்க்கு ஏற்றதாகின்றது. அந்நோயுற்ற கணுவினுள் சிறிய உலோகக் குறி ஒன்றை முன்னரே பதித்து வைப்பர். மருந்தினால் கணு சுருங்கி மறைந்த பின்னரும், அக்குறியைக் கொண்டு அதனைத் தேடி எடுத்து, நோய் அழிந்ததா என்று காணலாம். ஒருத்திக்குக் கத்தியைக் குறைத்தற்கும், மற்றொருத்திக்குக் கத்தியின் காலத்தை மாற்றுதற்கும் அதே முன்னறிவு துணையாதல் காண்க.

இதுகாறும் கூறியவாற்றால் பெறப்படுவது யாது? மார்பகப் படம் வருவதை உரைக்கும் குறிசொல்வோன் அன்று. அது பிழைபடக்கூடிய சான்று. அச்சான்றின் வலியையும் மெலிவையும் ஒருங்கே அறிந்தவரே அதனாற் பயன் கொள்வர். படம் 'இல்லை' என்றாலும் நூற்றுக்குப் பதின்மூவர் பதினால்வர்க்கு உளதாதலை அறிந்தும், அதனால் அவர் வாழ்வு குறையாமையை ஆராய்ந்து தெளிந்த பின்னரே, கத்தியை விலக்கத் துணிந்தனர் அறிஞர். அத்துணிவிற்குப் பின்னே, தம் உடம்பை ஆராய்ச்சிக்கு ஒப்புக்கொடுத்த பல்லாயிரம் பெண்டிரின் பொறுமை நிற்கின்றது.

மாணவத் தோழர்காள், யாம் இறுதியாக வேண்டுவது ஒன்று. நம் இல்லங்களில் இந்நோயின் பெயரைக் கூறவும் நாணுவர். கட்டி வலிக்கவில்லையே என்று ஆண்டுக்கணக்கில் மறைத்து வைப்பாரும் உளர். புற்றுக்கட்டி தொடக்கத்திற் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதை அவர் அறியார். எத்துணை நுண்ணிய கருவியும் தன் முன்னே வராத பெண்ணுக்கு உதவ இயலாது. ஆதலின் நும் தாயரிடத்தும் தமக்கையரிடத்தும் நாணம் ஒழித்துப் பேசுமின். மருத்துவரிடம் உடன் செல்வீராயின், அக்குளையும் அல்ட்ரா சவுண்டில் ஆராய்ந்தனரா, ஐயத்திற்குரிய கணு உளதாயின் ஊசியால் தெளிந்தனரா, கணுவை அகற்றுதல் வேண்டுமாயின் எத்துணை, எற்றுக்கு என்று பணிவோடு வினவுமின். வினவுதற்குரிய காலம் அறுவைக்கு முன்னரே, பின்னர் அன்று.